மூளிக் காது

ஆக. 21, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் வருகிறது, போகிறது, பெய்வதாக இல்லை. கொடித்துணியை இரண்டு தடவை உள்ளே எடுத்து, இரண்டு தடவை வெளியே போட்டாயிற்று.

இனியாவுக்கு இன்று ஏழாம் மாதம் தொடக்கம். கீழ் ஈறில் வெள்ளையாக ஏதோ. பல்லா, பாலா? டார்ச் அடித்துப் பார்த்தேன். டார்ச்சைக் கடித்தாள்.

அத்தை தினசரிக் காலண்டரை ஆணியிலிருந்தே கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். "இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. முப்பத்தொண்ணு. காலைல ஏழரைலேர்ந்து ஒம்போதுக்குள்ள. பத்தர் வீட்டுக்கே வர்றேன்னுட்டாரு."

என் கணவருக்கும் இவர் அக்காவுக்கும் காது குத்திய அதே நகைப் பத்தர். மாட வீதிக்குப் பின்னால் சந்தில் பட்டறை.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே அத்தை."

"ஏழுல விட்டா ஒம்போது. ஒம்போதுல விட்டா பதினொண்ணு. புள்ளைய எத்தனை நாளைக்கும்மா மூளியா வெச்சிருப்பே?"

மூளி. அகராதியில் தேடினேன். அணி எதுவும் இல்லாதது. பின்னப்பட்டது. இரண்டுக்கும் ஒரே சொல். தூங்கிக்கொண்டிருந்தவளின் காதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வெளிச்சம் பின்னால் இருந்தால் சிவப்பாகத் தெரிகிறது, உள்ளே ஒரு நரம்பு, முடி மாதிரி. இதற்குப் பெயர் பின்னம். ஓட்டை போட்டால் முழுசு.

பயங்கள்:
1. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். (எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படித்ததன் பலன். கிருமியின் பெயர் தெரியாதவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.)
2. பத்தரின் நகம்.
3. குத்தும்போது தலையைத் திருப்பிவிட்டால்?
4. நான் மயங்கி விழுந்தால்?
5. மாமன் மடி.

ஐந்தாவதை அத்தை இன்னும் எடுக்கவில்லை. எடுப்பார்.

ஆக. 23, சனி

எடுத்துவிட்டார்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். எங்கள் பக்கம் மிச்சம் இருப்பது என் தம்பி தினேஷ் ஒருவன்தான். அப்பா போய் ஒன்பது வருடம், அம்மா போய் நாலு. அவன் தி.நகரில் டாட்டூ குத்துகிறான். அவன் இடது கை முழுக்க மை, வலது கையில் பாதி. காது மடலில் ஓட்டை போட்டு, இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, இப்போது கோட்டுப் பொத்தான் அளவுக்குக் கருப்பு மரக்கட்டை. அவன் 'பிளக்' என்கிறான். அத்தை 'அந்தக் கட்டை' என்கிறார்.

கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தார். "தம்பி நல்ல புள்ளதான். நான் ஒண்ணும் குறை சொல்லல. சைதாப்பேட்டைச் சொந்தக்காரங்கல்லாம் வருவாங்க. போட்டோ எடுப்பாங்க. நாளைக்குப் புள்ள வளந்து பாக்கும்."

பார்க்கட்டுமே. (சொல்லவில்லை.)

"முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு, அந்தக் கட்டைய கழட்டிட்டு வரச் சொல்லு. போதும். அது கஷ்டம்னா, உன் பெரியப்பா பையன் பேங்க்ல இருக்கானே, அவனும் மாமன் முறைதானே? அவன் உக்காரட்டும்."

பெரியப்பா பையனைக் கடைசியாகப் பார்த்தது அம்மா காரியத்தில். வந்தான், இலையில் உட்கார்ந்தான், போனான். இனியா பிறந்ததற்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான்.

இவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒரு மணி நேரம்தானே வித்யா. சட்டைதானே."

சட்டைதான். போய்ச் சொல்லவேண்டியது நான்.

இதை எழுதவேண்டும், வேறு எங்கே எழுதுவது: என் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கும்போது அவனைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னது நான். அத்தை இல்லை. அப்போது மணிக்கட்டில் டாட்டூ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தான். அது போதவில்லை எனக்கு.

ஆக. 25, திங்கள்

மதியத்துக்கு மேல் தூறல். இனியாவை அத்தையிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் தி.நகர். பால் எடுத்து வைத்தாயிற்று, இரண்டு பாட்டில், நேரம் எழுதி ஒட்டியிருக்கிறேன். லஸ் தாண்டுவதற்குள் மூன்று தடவை போன். "தூங்குதும்மா. நீ போனை வெச்சா இன்னும் நல்லா தூங்கும்."

பாண்டி பஜாருக்குப் பக்கத்துத் தெரு, செருப்புக்கடைக்கு மேலே மாடி. இத்தனை வருடத்தில் இன்றுதான் முதல் தடவை போகிறேன். இருட்டாக, பாட்டு சத்தமாக, எலும்புக்கூடு மாட்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். டெட்டால் வாசனை. வெள்ளைத் தரை. சுவரில் யாரோ கொடுத்த லட்சுமி காலண்டர்.

அவனுக்குக் கையில் வேலை. "உக்காருக்கா, இருபது நிமிஷம்" என்றான், திரும்பாமலே.

நாற்காலியில் ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். வாயல் புடவை, மடியில் கைப்பை, கைப்பை மேல் குடை. முன்கையில் எண்ணெய் கொட்டிய பழைய தழும்பு. அதன் மேல் வேப்பங்கொத்து போட்டுக்கொண்டிருந்தான். நான் நினைத்தது தழும்பை மறைப்பான் என்று. மறைக்கவில்லை. தழும்பின் ஓரம் எங்கே நெளிகிறதோ அங்கேயே இலையின் ஓரமும் நெளிகிறது. வேப்பிலைக்குப் பல் பல்லாக ஓரம் இருக்குமே, அது அந்தத் தோலிலேயே முதலிலிருந்து இருந்த மாதிரி.

"வலிக்குதுங்களா?" என்றேன் அந்த அம்மாவிடம்.

"அன்னைக்கு வத்தல் பொரிக்கும்போது சுட்டதுக்கு இது எவ்வளவோ தேவலம்மா. அன்னைக்கு அத்தனை வத்தலும் கருகிப் போச்சு. அந்தக் கோவம் வேற."

தினேஷின் இடது கைவிரல்கள் அவள் தோலை இழுத்துப் பிடித்திருந்தன. இரண்டு விரல், மெதுவாக, இறுக்கமாக. எனக்குத் தெரிந்த பிடி. இனியாவுக்கு நகம் வெட்டும்போது நான் பிடிப்பது. அந்த அம்மா மூச்சை உள்ளே இழுத்தால் ஊசி நிற்கிறது. விட்டால் ஓடுகிறது. அவள் கவனிக்கவில்லை. அவனும் கவனித்துச் செய்வதாகத் தெரியவில்லை. வீட்டில் ஒரு டம்ளரை நேராக வைக்கத் தெரியாதவன் இவன். வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன் போல. தொண்டை காய்ந்துவிட்டது.

அந்த அம்மா எழுந்து கண்ணாடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குடையை மறந்துவிட்டு இறங்கிப் போனாள். தினேஷ் பின்னாலேயே ஓடிக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஊசிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எங்கே என்று கேட்டேன். சிரித்தான். கல்லூரி லேபில் இருந்ததைவிடச் சின்னது, ஆனால் அதைவிடச் சுத்தம். 134 டிகிரி. ஒவ்வொரு ஈட்டுக்கும் தேதி போட்டு நோட்டு. அத்தை வாங்கி வைத்திருந்த தங்க வளையம் இரண்டையும் கொடுத்தேன். பத்தர் தனி ஊசி வைத்துக் குத்துவதில்லை. வளையத்தின் கூர்முனையாலேயே குத்தி, அப்படியே வளைத்துவிடுவார். தினேஷ் வளையங்களைக் காகித உறையில் போட்டு ஒட்டினான். "ஓரத்துல இருக்கிற பட்டை கறுத்தாதான் கிருமி போச்சுன்னு நம்பணும். சனிக்கிழமை போட்டு எடுத்து, நானே கொண்டு வர்றேன்." முதல் பயத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

பிறகுதான் அது. உறையை வைக்க மேல் அலமாரிக்குக் கையைத் தூக்கினான். டி-ஷர்ட் கை விலகியது. உள்புஜத்தில், அக்குளுக்குக் கீழே, வெள்ளைத் தோலில்:

து. பருப்பு ½
கடுகு 100
வெந்தியம் 50
துடைப்பம் 1

அம்மாவின் எழுத்து.

கையைக் கீழே விடவே விடவில்லை நான். அவன் நெளிந்தான். "கூசுதுக்கா."

"எங்கேர்ந்துடா?"

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போன பர்ஸ்ல இருந்துச்சு. வேற எங்கயும் அவ எழுத்து இல்ல. ஷபானாதான் குத்துனா, இங்க கூட வேலை செய்யுறவ. நான் வரைஞ்சு குடுத்தேன்."

அம்மா வெந்தயத்தை எப்போதும் வெந்தியம் என்றுதான் எழுதுவாள். இவன் திருத்தவில்லை. கடுகில் 'டு'வின் வளைவு இரட்டையாக இருக்கிறது. பேனா எழுதாமல் அம்மா இரண்டு தடவை இழுத்திருக்கிறாள். இவர்கள் அதையும் இரண்டு தடவை குத்தியிருக்கிறார்கள். முதல் கோடு மங்கலாக, இரண்டாவது அழுத்தமாக. மை வராத பேனாவைத் தோலில் எப்படி எழுதுவது? எனக்கு இன்னும் புரியவில்லை. நாலு வருடமாக இதைக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் தீபாவளிக்கு வந்திருக்கிறான், வளைகாப்புக்கு வந்திருக்கிறான், இட்லி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

இதைப் பார்த்த பிறகு அதைச் சொன்னேன். அதே மூச்சில். எப்படிச் சொன்னேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. "அன்னைக்குப் போட்டோல்லாம் எடுப்பாங்கடா. முழுக்கை போட்டா நல்லா இருக்கும்."

"காதுல இருக்கிறதுமாக்கா?"

"அத்தை..."

"சரிக்கா. கழட்டிட்டு வர்றேன்." கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டான். "இனியா இப்ப கவுந்துக்கிறாளா?"

ஆக. 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. மண் பிள்ளையார், எருக்கம் பூ மாலை, குடை. கொழுக்கட்டையின் மேல் மாவை இனியா நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாள். பல்தான். வெந்நீரில் கழுவிய விரலால் தொட்டுப் பார்த்தேன், கூராக இருக்கிறது.

கூட்டத்தோடு கூட்டமாக ஞாயிற்றுக்கிழமைக்கும் வாங்கியாயிற்று. வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், பூ சொல்லியாயிற்று. காதோலை கருகமணி ஒரு செட். சாயம் போட்டுச் சுருட்டிய பனையோலை இரண்டு, கருப்பு வளையல், மணி. குழந்தைக்கா என்று அத்தையிடம் கேட்டேன்.

"அம்மனுக்கும்மா. அவளுக்கு முதல்ல காதுல போட்டுட்டுத்தான் நம்ம புள்ளைக்கு."

தினேஷிடமிருந்து ஒரு படம்: அயர்ன் பண்ணிய முழுக்கை சட்டை, ஹேங்கரில். வெளிர் நீலம். கூட எதுவும் எழுதவில்லை.

ஆக. 30, சனி

இனியாவுக்குக் காய்ச்சல் இல்லை. 98.2. 98.4. 98.2. தெர்மாமீட்டரை அத்தை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.

குழந்தை டாக்டர் தடுப்பூசி எல்லாம் சரியாக இருக்கிறது, குத்தலாம் என்றார். ஆகவே காரணம் எதுவும் மிச்சமில்லை.

திட்டம்: குத்தும்போது நான் சமையலறையில். குழாயைத் திறந்துவிடுவது.

ஆக. 31, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடவேண்டும். கை வலித்தாலும்.

ஏழே முக்காலுக்குப் பத்தர் வந்து பாயில் உட்கார்ந்தாயிற்று. சைதாப்பேட்டைக்காரர்கள் ஆறு பேர், காப்பி. அழைப்பு மணி. அத்தைதான் கதவைத் திறந்தார்.

தினேஷ். முழுக்கை சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டு. வேட்டி. தலை படிய வாரியிருந்தான். கட்டைகளைக் கழற்றியிருந்தான். இரண்டு காதிலும் வெறும் தோல், வளையமாக, தளர்ந்து தொங்கியது. தலையாட்டினால் அதுவும் ஆடியது.

கட்டை இருக்கும்போது அது ஒரு நகை. கழற்றினால்தான் தெரிகிறது, அங்கே எவ்வளவு இல்லை என்று.

அத்தை நகரவில்லை. "என்னப்பா இது?"

"கழட்டிட்டேன் அத்தை. அக்கா சொன்னா."

"மூளியா வந்து நிக்கிறியேப்பா."

இவர் பின்னாலிருந்து, "அம்மா, நீதானே கழட்டச் சொன்னே?"

"கழட்டச் சொன்னேன். மூளியா வரச் சொன்னேனா? புள்ளைக்குக் காது குத்துற அன்னைக்கு மாமன் மூளிக் காதோட மடியில வெச்சுக்குவானா? எங்கப்பா அந்தக் கட்டை?"

"ரூம்ல இருக்கு. மேற்கு மாம்பலம்." அவன் என்னைப் பார்த்தான்.

மணி எட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். சைதாப்பேட்டையில் ஒருவர், "அந்த பேங்க் பையன்னு சொன்னீங்களே, அவரு நம்பர் இருக்கா?" என்றார்.

அப்போது நான் சொன்னேன். இத்தனை பேர் முன்னால் என் குரல் இப்படி வரும் என்று எனக்கே தெரியாது. "வேற யாரும் வேணாம். இவன் மடியிலதான். இல்லேன்னா இன்னைக்குக் குத்த வேணாம்."

அத்தை தன் இடது காதுத் தோட்டைத் திருகிக் கழற்றினார். அவன் காதருகே கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். ஓட்டைக்கு நடுவில் தோடு அந்தரத்தில் நின்றது. பின்னால் சுவர்க் காலண்டர் தெரிந்தது, முப்பத்தொன்று.

பத்தர் பாயிலிருந்து, "ஏம்மா, இம்மாம் பெரிய ஓட்டைக்கு ஒரு சவரன் போட்டாலும் பத்தாதும்மா. உருண்டு போய்க்கினே இருக்கும்."

சிரிக்கலாமா என்று எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போய்க் குனிந்து காதோலை இரண்டையும் எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "குனிப்பா."

"அத்தை, அது அம்மனுக்கு..." என்றேன்.

"அவளுக்கு வேற வாங்கிக்கலாம். அவ என்ன, கோவிச்சுக்கவா போறா."

(ஒத்துக்கொள்கிறேன், அந்த நேரத்திலும் நினைத்தேன்: பனையோலை, சாயம், கடையில் எத்தனை பேர் கை பட்டதோ. தினேஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தான். பஞ்சு ரோஜா நிறமாயிற்று.)

அத்தை ஓலைச்சுருளை இறுக்கிச் சின்னதாக்கி அந்தத் தோல் வளையத்துக்குள் வைத்து விரலை எடுத்தார். ஓலை தானாக விரிந்தது. விரிந்து, சரியாக அந்த இடம் வரை போய், நின்றது. தொங்கிய தோல் நிமிர்ந்து வட்டமானது. ஒட்டு இல்லை, திருகாணி இல்லை. ஓலைக்கு விரியத் தெரியும், தோலுக்குப் பிடிக்கத் தெரியும். அத்தை இரண்டாவது காதுக்கும் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார். கோயிலில் அலங்காரம் முடிந்து திரை விலகும்போது பார்ப்பாரே, அந்த முகம்.

"இப்ப உக்காரு."

உட்கார்ந்தான். இனியாவை மடியில் கொடுத்தேன். அவள் ஓலையைப் பிடித்து இழுக்கப் போனாள்.

பத்தர் வளையங்கள் இருந்த உறையைப் பிரித்தார். "இன்னாபா இது, பிஸ்கட் பாக்கெட்டு மாதிரி கீது." பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக் காதில் புள்ளி வைக்க வந்தார்.

"அண்ணே, அவ தலை சாஞ்சிருக்கு. நிமித்தி வெச்சுப் புள்ளி வெச்சா ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்."

"எத்தினி காது பாத்துக்கீற நைனா நீ?"

"காது, மூக்கு, புருவம், தொப்புள் எல்லாம்தாண்ணே."

"தொப்புள்ளயா? அங்க இன்னா மாட்டுவாங்க?"

"வளையந்தான்."

"யாரு பாக்கறதுக்குபா?" என்றார் பத்தர். ஆனால் பேனாவை நீட்டினார். தினேஷ் பையிலிருந்து தன் ஊதா மார்க்கரை எடுத்தான். புள்ளி. இன்னொரு புள்ளி.

"அக்கா, இங்க வா. முன்னாடி நின்னு பாரு. சரியா இருக்கா?"

நான் அதற்குள் சமையலறை வாசலில். வந்தேன். முழங்கால் போட்டு அவள் முகத்துக்கு நேராக. இடது புள்ளி ஒரு நூல் மேலே. "கொஞ்சம் கீழ." துடைத்து மறுபடி வைத்தான். சரி என்றேன்.

அதன் பிறகு எழுந்து போக முடியவில்லை. பத்தர் குனிந்தார். அவர் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. தினேஷின் இரண்டு விரல் மடலை இழுத்துப் பிடித்தது, அதே பிடி. அவள் மூச்சை விட்டபோது அவன் கண்ணைக் காட்டினான், பத்தர் குத்தினார். பார்த்தேன். முழுக்கப் பார்த்தேன். தோல் கொஞ்சம் உள்ளே வாங்கியது, பிறகு வழிவிட்டது. ஒரு துளிகூட இரத்தம் இல்லை. இனியா ஒரு கணம் எதுவும் செய்யவில்லை. என்னையே பார்த்தாள். பிறகுதான் அழுகை. மறு காது. அவ்வளவுதான். ஒரு உடம்பில் இல்லாத ஒன்று இருக்க ஆரம்பிக்க அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

பால் கொடுத்தேன். ஏப்பத்துக்குத் தினேஷ் தோளில் போட்டுக்கொண்டான். குடித்தது அத்தனையையும் வெளிர் நீலச் சட்டை மேல் கக்கினாள். முதுகுவரை.

"கழட்டுப்பா, அலசிப் போடறேன்" என்றார் அத்தை. அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். பனியனோடு நின்றான். சைதாப்பேட்டைக்காரர்கள் அத்தனை பேருக்கும் இரண்டு கையும் தெரிந்தது. ஒரு சின்னப் பெண் கிட்டே வந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தது.

சட்டையை வாங்கிய அத்தை அவன் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். கண்ணாடி போடாமல் தள்ளி வைத்துப் படித்தார். "துவரம்பருப்பு அரை... கடுகு... வெந்தியம். துடைப்பமா? துடைப்பம்னா எழுதிக்கிட்டே கையில?"

"அம்மா எழுத்து அத்தை."

அத்தை இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்தார். "உப்பு இல்லையே."

"தெரியல அத்தை."

"வீட்டுல இருந்திருக்கும்" என்றார். கையை மெதுவாக இறக்கிவிட்டுச் சட்டையை அலசப் போனார்.

செப். 1, திங்கள்

நல்ல மழை. காதில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இப்போது. இனி நாளைதான் பார்ப்பேன்.

ஈரச் சட்டை இங்கேயே கொடியில். தினேஷ் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான், அரைக்கை. ஓலையைக் கழற்றவில்லை. மாம்பலத்தில் இறங்கியதும் பூக்காரம்மா கூப்பிட்டு நிறுத்தி, எந்தக் கோயில் என்று கேட்டாளாம்.

போட்டோ வந்தது. முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறான்.

வாங்க:
டயப்பர் (எம்)
சலைன், பஞ்சு
து. பருப்பு ½
வெந்தியம் 50
காதோலை கருகமணி 2 செட் (அத்தை: "அம்மனுக்கு ஒண்ணு. தம்பிக்கு ஒண்ணு, அது சாயம் போயிருக்கும்.")